ஓப்பன் வாட்டர்: 79 நிமிடம் கடலில் மிதப்பதை ஒரு படமாக ஏற்றுக்கொள்ள முடியுமா?

கடைசி_வரிசை:

சுறாப் படம் என்று பேச்செடுத்தாலே இங்கே நாலு பேர் 'ஓப்பன் வாட்டர்' படத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். 2003-இல் முடித்து 2004-இல் தியேட்டருக்கு வந்த அமெரிக்கப் படம். நேற்று இரவு பார்த்துவிட்டேன். பழைய படம் என்பதால் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை, போன், அலுவலகம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தம்பதி விடுமுறைக்குப் போகிறார்கள். ஸ்கூபா டைவிங் செய்யப் படகில் கடலுக்குள் போகிறார்கள். படகில் இருப்பவர் ஆட்களைத் தப்பாக எண்ணியதால், இவர்கள் தண்ணீருக்குள் இருக்கும்போதே படகு கரைக்குத் திரும்பிவிடுகிறது. அப்புறம் படம் முடியும்வரை இருவரும் மிதக்கிறார்கள். பயப்படுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், செத்துப் போகிறார்கள்.

படம் 79 நிமிடம்தான். அதிலேயே இரண்டு முறை நிறுத்தி இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். ஆரம்பத்தில் ஹோட்டல் அறையில் கொசு அடிக்கும் காட்சி கூட இருக்கிறது. அது எதற்கு? படம் முழுக்கக் கல்யாண வீடியோ போல ஒரு தரம். சுறா என்றால் ஒரு துடுப்பு, ஒரு வால், கலங்கிய தண்ணீரில் ஒரு நிழல். பட்ஜெட் கம்மி, மன்னித்துவிடலாம் என்கிறார்கள். டிக்கெட் வாங்குகிறவன் முழு விலைதானே கொடுக்கிறான்? கையில் இருந்த காசை வைத்து எடுத்தது பெரிய உழைப்பு, ஒப்புக்கொள்கிறேன். உழைப்பு வேறு, படம் வேறு.

உப்புத்தண்ணி:

நான் ஆறு வருடமாகப் புதுச்சேரிப் பக்கம் டைவிங் போகிறேன். இந்தப் படத்தில் என் வயிற்றைக் கலக்கியது சுறா இல்லை, அந்த எண்ணிக்கைதான். அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

படகில் 20 பேர். ஒருவர் மாஸ்க் (தண்ணீருக்குள் பார்க்கப் போடும் கண்ணாடி) கொண்டுவர மறந்ததால் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு ஜோடியில் மனைவிக்குக் காது அடைத்துக்கொண்டதால் சீக்கிரமே மேலே வந்துவிடுகிறார், கணவருக்கு இன்னும் ஆசை தீரவில்லை. மாஸ்க் மறந்தவர் ஒரு மாஸ்கை இரவல் வாங்கிக்கொண்டு அந்தக் கணவரோடு இறங்குகிறார். அவர்கள் ஏறியதும், ஏற்கெனவே எண்ணிய அந்த இருவருக்கும் கணக்கெடுப்பவர் காகிதத்தில் மறுபடி கோடு போடுகிறார். கூட்டினால் 20 வந்துவிடுகிறது. கிளம்பு.

இதில் வில்லன் யாருமே இல்லை. யாரும் குடித்துவிட்டு வேலை செய்யவில்லை. ஒவ்வொருவரும் செய்தது சாதாரணமான காரியம். படகில் போன யாருக்கும் இது நடந்துவிடலாம் என்று தோன்றும். அப்படி ஒரு பத்து நிமிடத்தை எந்தப் பெரிய பட்ஜெட் சுறாப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, கேமரா இருக்கும் இடம். பெரும்பாலும் தண்ணீர் மட்டத்திலேயே இருக்கிறது. கடலில் மிதக்கும்போது உங்கள் கண் தண்ணீருக்கு ஒரு சாண் மேலேதான். ஒரு சின்ன அலை எழுந்தாலே அடுத்த பக்கம் இருப்பது மறைந்துவிடும். தூரத்தில் படகு தெரிகிறது, கையை ஆட்டுகிறார்கள், அங்கிருந்து யாருக்கும் இவர்கள் தெரிவதில்லை. இது கதைக்காகச் சேர்த்தது இல்லை. நானே ஒருமுறை நீரோட்டத்தில் விலகி, படகு என்னைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர்களை நான் தெளிவாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கட்_பேஸ்ட்:

நான் எடிட்டிங் வேலையில் இருப்பவன். "கல்யாண வீடியோ தரம்" என்று சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

படத்தை எடுத்த கிறிஸ் கென்டிஸ், லாரா லாவ் இருவரும் கணவன் மனைவி, டைவிங் தெரிந்தவர்கள். தங்கள் சொந்தப் பணத்தில் எடுத்தார்கள், ஏறக்குறைய 1,20,000 டாலர். வார இறுதியிலும் விடுமுறையிலும் ஷூட்டிங் வைத்து இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. கேமராவைப் பிடித்ததும் அவர்களேதான். பஹாமாஸ் கடலில், கையடக்க டிஜிட்டல் வீடியோ கேமரா. படத்தில் இருப்பவை நிஜச் சுறாக்கள். கிராஃபிக்ஸ் கிடையாது, ரப்பர் பொம்மை கிடையாது. டூனா மீன் துண்டுகளைப் போட்டுச் சுறாக்களை வரவழைத்தார்கள். தம்பதியாக நடித்த பிளான்சார்ட் ரயன், டேனியல் டிராவிஸ் இருவரும் உடைக்குள் இரும்பு வளையச் சட்டை போட்டுக்கொண்டு நூறு மணி நேரத்துக்கு மேல் கடலில் கிடந்தார்கள். அந்த நடிகையை ஷூட்டிங்கில் ஒரு பாரகூடா, அதாவது நம் ஷீலா மீன் இனம், கடித்தும் இருக்கிறது.

பட்ஜெட்டைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய ஃபிலிம் கேமராவைச் சுறாக்களுக்கு நடுவே, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, மணிக்கணக்கில் வைத்திருக்க முடியாது. சின்னக் கேமராவால் முடியும். நடிகையின் தோளுக்குப் பின்னால் ஒரு துடுப்பு வந்து போகிறதே, அங்கே வெட்டே இல்லை. ஒரே ஷாட்டில் முகமும் சுறாவும் சேர்ந்து இருக்கின்றன. கிராஃபிக்ஸ் சுறா வாயைப் பிளந்தால் ரசிப்பேன், ஆனால் அது அங்கே இல்லை என்று என் உடம்புக்குத் தெரியும். இங்கே உடம்பு அப்படிச் சொல்வதில்லை.

கடைசி_வரிசை:

தகவல்களுக்கு நன்றி. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சுறா நிஜம், தண்ணீர் நிஜம், சரி. மனிதர்கள்?

'தி ரீஃப்' என்று 2010-இல் ஓர் ஆஸ்திரேலியப் படம் வந்தது. அதுவும் சின்ன பட்ஜெட்தான். அதிலும் நிஜ வெள்ளைச் சுறாவைத் தனியாகப் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே படகு கவிழ்கிறது. கவிழ்ந்த படகின் மேலேயே உட்கார்ந்திருப்பதா, தீவு இருக்கும் திசையில் நீந்துவதா என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும். ஒருவர் வர மறுத்துத் தங்கிவிடுகிறார். அந்த முடிவில்தான் அவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்தது. ஒருவருக்கு ஏதாவது ஆனபோது மனசு வலித்தது.

ஓப்பன் வாட்டரில் இவர்களுக்கு எடுக்க ஒரு முடிவும் இல்லை. நடுவில், "நான் பனிச்சறுக்குக்குத்தான் போகலாம் என்றேன்" என்று அந்தப் பெண் கத்துகிறாள். அந்த ஒரு சண்டை மட்டும் உண்மையாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் இருவர் மிதப்பதை நானும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கட்_பேஸ்ட்:

அந்தச் சண்டை வேலை செய்ததற்குக் காரணமே நீங்கள் தேவையில்லை என்ற ஹோட்டல் அறைதான். கொசு அடிக்க எழுந்தவன், களைத்துப் படுத்த மனைவி, ஒருவருக்கொருவர் நேரம் இல்லாத இரண்டு பேர். அறையில் பேசாததைத்தான் கடலில் கத்துகிறார்கள்.

ஆனால் ரீஃப் பற்றிச் சொன்னது சரிதான். முடிவெடுப்பவர்களோடு மனசு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். இங்கே அந்தக் கதவை வேண்டுமென்றே மூடியிருக்கிறார்கள். எனக்கு அதுவே மூச்சு முட்டியது, உங்களுக்குச் சலித்தது. இதில் யார் யாரை மாற்றுவது?

மிட்நைட்_ஷோ:

என் ஓட்டு '47 மீட்டர்ஸ் டவுன்' படத்துக்கு. அதுவும் சுறாப் படம்தான், கடலடியில் கூண்டோடு சிக்கிக்கொள்பவர்கள் கதை. நேராக டிவிடிக்குப் போக வேண்டிய படம், கடைசி நேரத்தில் கை மாறி 2017-இல் தியேட்டருக்கு வந்து நன்றாக ஓடியது. பெரும்பகுதி தொட்டித் தண்ணீர். கடல் போலத் தூசி மிதக்க வேண்டும் என்று புரோக்கோலியை அரைத்துக் கலந்தார்களாம். கூண்டு, ஆக்சிஜன் அளவு, நேரம் என்று விரலில் எண்ணிக்கொண்டே பார்க்கலாம். எனக்குத் திகில் படம் என்றால் அந்த நெருக்கடி வேண்டும்.

வாடைக்காற்று:

எல்லோரும் கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்தப் படத்தோடு வேறு சண்டை.

இது நடந்த சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் ஓர் அமெரிக்கத் தம்பதியை டைவிங் படகு விட்டுவிட்டு வந்துவிட்டது. அவர்களின் பை படகிலேயே கிடந்தது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உடல்கள் கிடைக்கவே இல்லை. அவர்கள் போட்டிருந்த சில பொருட்கள் பின்னால் கரை ஒதுங்கின. உதவி கேட்டு எழுதிய ஒரு ஸ்லேட்டும் (டைவர்கள் தண்ணீருக்குள் எழுதும் பலகை) கிடைத்தது. கரை ஒதுங்கியவற்றில் சுறா தாக்கியதற்கான அடையாளம் தெரியவில்லை என்றே அப்போது சொல்லப்பட்டது. படகின் கேப்டன் மீது வழக்கு நடந்து அவர் விடுதலையானார்.

நான் நாகப்பட்டினம் பக்கம் மீனவர் வீட்டில் பிறந்தவள். போனவர்கள் திரும்பாத வீடுகளை எனக்குத் தெரியும். உடல் கிடைக்காத வீட்டில், எப்படிப் போனார் என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஆறு வருடத்துக்குள் ஒரு கற்பனைப் பதிலைப் படமாக எடுத்து, சுறாவைக் காட்டி விற்கிறார்கள். 2004-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 25 லட்சம் டாலருக்கு விலை போனது, உலகம் முழுக்க 5 கோடி டாலருக்கு மேல் வசூல். எனக்கு அது ஒப்பவில்லை.

சுறாவுக்கும் இது அநியாயம். உலகம் முழுவதும் சுறா கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்குப் பெரும்பாலும் பத்துப் பேருக்குள்தான். மனிதர்கள் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில். எங்கள் அப்பா காலத்தில் வலையில் வந்த பெரிய சுறா எதுவும் இப்போது வருவதில்லை.

கட்_பேஸ்ட்:

அக்கா, வீட்டார் பக்கத்திலிருந்து நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. படம் தம்பதியின் பெயரை மாற்றியிருக்கிறது, இடத்தையும் மாற்றியிருக்கிறது. அது போதுமா என்றால் போதாது என்றுதான் எனக்கும் படுகிறது.

ஆனால் முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணவன் சுறா கடித்த காயத்தில் இரத்தம் போய், அந்த ராத்திரியிலேயே இறந்துவிடுகிறான். விடிந்ததும் அவள் அவனைத் தன் கையிலிருந்து விடுகிறாள். மாஸ்கைப் போட்டுக் கீழே பார்க்கிறாள், சுறாக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் தன் டைவிங் சாதனங்களைத் தானே கழற்றிவிட்டு அமிழ்ந்துபோகிறாள். அவளைச் சுறா கொல்லவில்லை. நீங்கள் சொன்ன, கடிபடாமல் கரை ஒதுங்கிய பொருட்களை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சி வேறு மாதிரித் தெரிகிறது. படம் எடுத்தவர்கள் அதை யோசித்துத்தான் செய்தார்களா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வாடைக்காற்று:

சரி, அதை நான் கவனிக்கவில்லை, ஏற்கிறேன். ஆனால் அதற்கு அப்புறம், பெயர்கள் ஓடும்போது, சுறாவின் வயிற்றைக் கிழித்து ஒரு கேமராவை எடுக்கிறார்களே? அமைதியாக முடித்ததை அங்கே கெடுத்துவிட்டார்கள்.

உப்புத்தண்ணி:

அதில் நானும் உங்கள் பக்கம்தான். அந்தக் காட்சி எனக்கும் வேண்டாம்.

ஆனால் அந்த 1998 சம்பவத்துக்குப் பிறகு, அது நடந்த குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆட்களை எண்ணும் விதிகள் இறுகின. அந்த விஷயம் வெளியூர் டைவர்கள் வரை பரவியதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். என் முதல் வகுப்பிலேயே பயிற்சியாளர் இந்தப் படத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்: "தலையை எண்ணாதே, பெயரைக் கூப்பிடு, குரல் வந்தால்தான் டிக் போடு." இன்றும் படகில் என் பெயரைக் கூப்பிடும்போது நான் இரண்டு முறை பதில் சொல்கிறேன்.

கடைசி_வரிசை:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். கட்_பேஸ்ட் தனிச்செய்தியில் கேட்டுக்கொண்டபடி, இரவில் இடி மின்னல் வரும் பகுதியை மட்டும் மறுபடி பார்த்தேன். முதல் தடவை கூடத்தில் லைட் போட்டுக்கொண்டு டிவியில் பார்த்தேன். இந்த முறை விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில்.

திரை முழுக்கக் கறுப்பு. மூச்சுச் சத்தம், தண்ணீர் அடிக்கும் சத்தம், அவர்கள் பயந்து பேசுவது. மின்னல் வெட்டும் ஒரு நொடியில் மட்டும் அவர்கள் தெரிகிறார்கள், கூடவே வேறு எதுவோ தெரிகிறது. மறுபடி கறுப்பு. அடுத்த மின்னல் வரக் கூடாது என்று நினைத்தேன். முதல் தடவை இதை "ஒன்றும் தெரியவில்லை" என்று ஒதுக்கியது என் தப்பு. என் அறையில் இருந்த வெளிச்சம்தான் அன்றைக்கு அதைக் கெடுத்திருக்கிறது.

படம் பற்றிய என் கருத்து மாறவில்லை. அந்த நாலைந்து நிமிடமும், கணக்குத் தப்பும் காட்சியும் அருமை. நடுவில் அரை மணி நேரத்தை எனக்கு யாரும் விற்க முடியாது. பனிச்சறுக்குச் சண்டை மாதிரி இன்னும் இரண்டு காட்சி இருந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்திருப்பேன்.

வாடைக்காற்று:

நேற்று அப்பாவிடம் கதையைச் சொன்னேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். சுறாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படகுக்காரன் திரும்பிப் போய்த் தேடினானா என்றுதான் கேட்டார். படத்தில் மறுநாள் காலையில் பையைப் பார்த்துவிட்டுத் தேடப் போகிறார்கள் என்றேன். நிஜத்தில் இரண்டு நாள் ஆனதையும் சொன்னேன்.

"படகைக் கழுவும்போதே அந்தப் பை கண்ணுல பட்டிருக்கணுமே" என்றார். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.