வீட்டோ: மறிப்புரிமையா, தடுப்பதிகாரமா?

மன்னார்குடி:
வணக்கம். தமிழ்வழி அரசியல் அறிவியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று எதிர்த்தாலே தீர்மானம் விழுந்துவிடும்; அந்த வீட்டோவுக்கு ‘ரத்து அதிகாரம்’ என்று எழுதினால், “நிறைவேறிய தீர்மானத்தையா ரத்து செய்கிறார்கள்?” என்று மாணவி கேட்கிறாள். நிறைவேறவே விடுவதில்லையே! நிகராகுவா தொடுத்த வழக்கில் அமெரிக்கா அனைத்துலகச் சட்டத்தை மீறியதென்று 1986இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குக் கட்டுப்படச் சொன்ன தீர்மானத்தைப் பாதுகாப்பு அவையில் 11 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவின் ஒற்றை எதிர்வாக்கில் அது விழுந்தது. இதற்கு என்ன சொல்?

கும்பகோணம்:
‘ரத்து’ அரபுச் சொல், போகட்டும். வழிமறி, நீர்மறி என்று நமக்கு வினை இருக்கிறது. ‘மறிப்புரிமை’ என்க. சங்கப் பாட்டில் மறி ஆட்டுக்குட்டியும்கூட. துள்ளித் துள்ளித் திரும்புவதால், மறிதல் என்ற வினையிலிருந்தே அப்பெயர் வந்தது என்பது என் துணிபு.

வேதாரண்யம்:
ஆட்டுக்குட்டி இருக்கட்டும் ஐயா. அதே வேரில் பிறந்த மறியல், அதிகாரம் இல்லாதவன் சாலையில் உட்கார்ந்து செய்வது. 1930இல் உப்பெடுத்த ஊர்க்காரன் சொல்கிறேன், அதை ஐந்து வல்லரசுகளுக்குத் தாரைவார்க்காதீர்கள்.

கும்பகோணம்:
லத்தீன் வீட்டோவும் அப்படித்தான். ரோமில் எளிய குடிகளின் பிரதிநிதிகளான ட்ரிப்யூன்கள் ஆட்சியாளரைத் தடுக்கச் சொன்ன சொல் அது. அங்கே கைமாறியது இங்கேயும் மாறலாம்.

சீர்காழி:
எனக்கு உறுத்துவது ‘உரிமை’. ஐ.நா. சாசனத்தின் 27ஆம் உறுப்பில் வீட்டோ என்ற சொல்லே கிடையாது; நிரந்தர உறுப்பினர்களின் இசைவு வாக்கு வேண்டும் என்று சாதுவாக முடித்துவிட்டார்கள். தலைமடைக்காரர் ஷட்டரை இறக்குவதைக் கடைமடையில் யாராவது உரிமை என்பார்களா? ‘தடுப்பதிகாரம்’ போடுங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

கும்பகோணம்:
பிடிக்காததால் சட்டம் பொய்யாகிவிடாது அம்மா. தென்சீனக் கடல் பற்றித் தனக்கு எதிராக வந்த 2016 நடுவர் மன்றத் தீர்ப்பைச் சீனா ஏற்க மறுத்தது வெறும் புறக்கணிப்பு. வீட்டோ சாசனமே கொடுத்தது. இந்த வேறுபாட்டை மாணவர் அறிய வேண்டும்.

சீர்காழி:
கொடுத்தவர் யார் ஐயா? 1945இல் சான் பிரான்சிஸ்கோவில், இது இல்லையேல் சாசனமே இல்லை என்று நின்று வாங்கியவர்கள் அவர்களே. அதே 27ஆம் உறுப்பு, தகராறுகளை அமைதியாகத் தீர்ப்பது பற்றிய ஆறாம் அத்தியாய முடிவுகளில் தகராறில் உள்ள நாடு வாக்களிக்கக் கூடாது என்கிறது. நிகராகுவா விஷயத்தில் தன் வழக்குக்குத் தானே வாக்களித்ததை உரிமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர என்னால் முடியாது.

வேதாரண்யம்:
தடுப்பதிகாரமே போதும்.

மன்னார்குடி:
அதையே அச்சுக்குத் தருகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘வீட்டோ எனும் தடுப்பதிகாரம்’ என்று எழுதிவிடுகிறேன்.

கும்பகோணம்:
அச்சிடுங்கள். என் கட்டுரைகளில் மறிப்புரிமைதான். மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.