ஈமாக்ஸ் உரைதிருத்தி திரையை மீள வரையும்போது நமது நிரலை இயக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்:
வணக்கம். தமிழும் சிங்களமும் கலந்த கோப்புகளில், திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டும் மொழிவாரியாக நிறமிட விரும்புகிறேன். போஸ்ட்-கமாண்ட்-ஹுக்கில் சேர்த்த நிரல் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஓடினாலும், சாளரம் எந்தப் பகுதியைக் காட்டப்போகிறது என்பது அவ்வேளையில் தீர்மானமாகியிருப்பதில்லை. மீள்வரைவுடனேயே இணைக்க வழியுண்டா?

மறுமொழி:
தம்பி, சாளரம் உருளும்போது ஓடும் விண்டோ-ஸ்க்ரோல்-ஃபங்ஷன்ஸை நாடாதீர்கள். அது அழைக்கப்படும் வேளையில் விண்டோ-எண்ட் தரும் மதிப்பு (சாளரத்தில் தெரியும் பகுதியின் முடிவிடம்) செல்லாது. நிறமிடும் செயற்கூறை ஜிட்-லாக்-ரெஜிஸ்டர் மூலம் பதிந்தால், காட்டப்படவிருக்கும் பகுதியின் தொடக்கமும் முடிவும் உங்கள் செயற்கூறுக்கே வந்துசேரும்.

இன்னொரு மறுமொழி:
நிறமிடுவதற்கு அண்ணா சொன்னதே சரி. சாளரத்துக்குச் சாளரம் வேறுபடும் தோற்றம் தேவையெனில் மட்டும் பிரீ-ரீடிஸ்ப்ளே-ஃபங்ஷன்ஸைப் பயன்படுத்துங்கள். அதிலுள்ள செயற்கூறுகள் மீள்வரைவுக்குச் சற்று முன், சாளரத்தை உள்ளீடாகப் பெற்று ஓடுகின்றன. அங்கே கனமான வேலை வைத்தால் தட்டச்சே தடுமாறும். மீள்வரைவின்போது நேரும் பிழைகள் வழுநீக்கியைத் திறப்பதில்லை என்பதால் (பெரிய தலையிடி!), அப்பிழைகளின் தடத்தைப் பதிந்துவைக்கும், ஈமாக்ஸ் 29இல் வந்த பேக்ட்ரேஸ்-ஆன்-ரீடிஸ்ப்ளே-எரர் என்ற மாறியை இயக்கிவிட்டுச் சோதியுங்கள்.