சம்பளம் தரும் சங்கத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதலாமா?

தெற்குவாசல் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். மதுரை வட்டாரக் கண்மாய்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறேன். பிழைப்புக்குச் சுங்குடி உற்பத்தியாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சங்கத்துக்கென ஒரு கட்டுரை தொடங்க வேண்டும் என்றும், சுங்குடிச் சேலை பற்றிய கட்டுரையில் மெழுகு அச்சுச் சுங்குடி பற்றி ஒரு வரியும் இருக்கக் கூடாது என்றும் செயலாளர் சொல்கிறார். துணியில் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பதே சுங்குடி, அச்சடித்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் உடன்பாடுதான். தொகுப்பதற்கென்று தனியாகக் காசு வாங்காத நிலையில் இது நலமுரண் (எழுதுபவரின் சொந்த ஆதாயம் நடுநிலையோடு மோதுவது) ஆகுமா?

வைகைக்கரை:
ஆகும், ஐயா. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014 ஜூனில் திருத்திய பயன்பாட்டு விதிகளின்படி, வேலையின் பகுதியாகத் தொகுப்பவர் தம் முதலாளி யார் என்பதைப் பயனர் பக்கத்திலோ, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்திலோ, மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்திலோ தெரிவித்தாக வேண்டும். செயலாளர் சொல்லி நீங்கள் செய்வது மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடுவதால், தனிக்காசு இல்லை என்ற வாதம் நிற்காது.

ஆனால் அறிவித்துவிட்டதாலேயே அந்த வரிகளை நீக்கும் உரிமை வந்துவிடாது. அவற்றுக்குச் சான்று இருக்கும்வரை, உங்கள் சங்கத்தின் சரக்குக்குப் போட்டியான ஒன்றை நீங்களே வெட்டுவது நடுநிலையாகாது. செயலாளரின் கருத்தோடு நீங்களும் ஒத்துப்போவதுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது, ஏனெனில் தாம் நம்பும் ஒன்றை எழுதும்போது சாய்வு எழுதுபவர் கண்ணுக்கே தெரிவதில்லை. கைமுடிச்சுக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டைச் சங்கத்தோடு தொடர்பில்லாத நூலோ ஆய்வுக் கட்டுரையோ விளக்கியிருந்தால், சேர்க்க வேண்டிய வாக்கியத்தை அப்படியே எழுதி, பக்க எண்ணோடு பேச்சுப் பக்கத்தில் வையுங்கள். வேறொரு பயனர் பார்த்துச் சேர்ப்பார்.

கீழமாசி:
முன்னவர் சொன்னதில் ஒரு திருத்தம். தமிழில் பேச்சுப் பக்கங்களைக் கவனிப்பவர்கள் குறைவு என்பதால், வேண்டுகோள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். பயனர்கள் பொதுவாகக் கலந்துரையாடும் ‘ஆலமரத்தடி’ பக்கத்தில் அதற்கு இணைப்புக் கொடுத்து, உங்கள் தொடர்பையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்துவதற்கும் விஷமத் தொகுப்பை மீட்பதற்கும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கண்மாய்க் கட்டுரைகளுக்கு இந்தப் பேச்சே இல்லை.

சங்கக் கட்டுரையைப் பொறுத்தவரை, குறிப்பிடத்தக்கமை, அதாவது தனிக்கட்டுரைக்கான தகுதி, இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சங்கம் வெளியிட்ட மலரும், காசு கொடுத்து வரவழைத்த நாளிதழ்ச் சிறப்பிதழும் சான்றாகா. பிறர் தாமாக முன்வந்து விரிவாக எழுதியவை இல்லையென்றால், அந்த எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது.

தெற்குவாசல்:
இருவருக்கும் நன்றி. கட்டணம் கொடுத்தால் கட்டுரையை ஏற்றி, யாரும் நீக்காமல் பார்த்துக்கொள்வதாகச் செயலாளருக்கு ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாராம். அது வேண்டாமென்றால், சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்கி அலுவலகத்தில் எல்லோரும் பயன்படுத்தலாம் என்கிறார்.

வைகைக்கரை:
இரண்டும் வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இத்தகைய பேரம் நடத்திய ஒரு கும்பலின் 381 கணக்குகள் 2015இல் தடுக்கப்பட்டன. அவர்கள் உருவாக்கிய 210 கட்டுரைகளும் நீக்கப்பட்டன; காசு கொடுத்தவர்களுக்குப் பணமும் போயிற்று, பக்கமும் போயிற்று. கணக்கை ஒருவர் மட்டுமே கையாள வேண்டும். பலர் பகிர்ந்தால் எந்தத் தொகுப்புக்கு யார் பொறுப்பு என்பது தெரியாமல் போகும்.

செயலாளருக்கு உண்மையாகவே ஆர்வம் இருந்தால், முடிச்சிடுவதிலிருந்து சாயத்தில் தோய்த்துக் காயவைப்பதுவரை படிப்படியாகப் படமெடுத்து, படமெடுத்தவரே யாரும் பயன்படுத்த இசையும் கட்டற்ற உரிமத்தில், படங்களைச் சேமித்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றட்டும். படக்குறிப்பில் சங்கத்தைப் புகழாமல், எந்தப் படியைக் காட்டுகிறது என்பதை மட்டும் எழுதினால் போதும். அவற்றில் எதைக் கட்டுரையில் வைப்பது என்பதை மற்ற பயனர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.