ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் கழித்து: உங்களுக்குப் பிடித்த சீஸ் எது, எப்படிச் சாப்பிடுவீர்கள்?

எனக்குச் சீஸ் பிடிக்காது என்றுதான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விருந்துகளில் மரப்பலகைமேல் நாலைந்து வகை வெட்டி வைத்திருப்பார்கள். ஓரத்தில் கிடக்கும் திராட்சையை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். சீஸைக் கடித்தால் உப்புப் போட்ட மெழுகைக் கடிப்பது போலத்தான் இருக்கும்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு காமெம்பெர், பிரான்சின் மென்மையான சீஸ். நண்பர் வீட்டு மேசையில் வட்டமான மெல்லிய மரப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. "வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, இப்போது சாப்பிடு" என்றார். கத்தி இறங்கியதும் உள்ளே இருந்தது மெதுவாகச் சரிந்து வந்தது. வெள்ளைத் தோலோடு சேர்த்து ரொட்டியில் வைத்துக் கொடுத்தார். முதலில் வெண்ணெய், அப்புறம் காளான் வாசம், கடைசியில் நனைந்த மண்ணிலிருந்து எழுமே, அந்த மணம். இதே வகையை ஒரு வாரம் முன்புதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தின்று, பிடிக்காமல் பாதியில் வைத்திருந்தேன்.

காரணம் பிறகு புரிந்தது. குளிரில் கொழுப்பு இறுகிவிடும். சீஸின் மணத்தில் பெரும்பகுதி அந்தக் கொழுப்புக்குள்தான் அடைந்து கிடக்கிறது. அறைச் சூட்டுக்கு வந்தால்தான் அது இளகி மூக்குக்கு எட்டும். இன்னொன்று, காமெம்பெர் வெளியிலிருந்து உள்நோக்கிப் பழுக்கும் வகை. தோலில் படர்ந்த வெண்பூஞ்சைதான் உள்ளே இருப்பதை இளக வைக்கிறது. நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளையாக நின்றால் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். நான் இப்போதெல்லாம் கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பார்த்துத்தான் வெட்டுகிறேன்.

உங்கள் கதையையும் எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது, எப்போது, எதோடு, எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

* * *

எனக்கு நீலப் பூஞ்சை ஓடும் ரோக்ஃபோர். முதல் தடவை நாக்கில் வைத்தபோது கண்ணில் நீர் வந்தது, அவ்வளவு காரம், அவ்வளவு உப்பு. துப்பிவிடலாமா என்று யோசித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு பேரிக்காயை நறுக்கி, அதன்மேல் கடலை அளவு சீஸை வைத்து, ஒரு சொட்டுத் தேன் விட்டு நீட்டினார். அந்தக் காரம் அப்படியே மடங்கி இனிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து தேன் இல்லாமல் நான் அதைத் தொடுவதில்லை.

இது செம்மறியாட்டுப் பாலில் செய்வது. தெற்குப் பிரான்சில் ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன் என்ற ஊரில், கோம்பாலு மலைக் குகைகளில் பழுக்க வைக்கிறார்கள். பாறை வெடிப்புகள் வழியாக எப்போதும் ஈரக்காற்று வந்து போகுமாம். வட்டுகளில் ஊசியால் துளை போடுவதும் காற்றுக்காகத்தான், காற்றுப் போகும் வழியெல்லாம் நீலம் பிடிக்கும். நீல நரம்புகளை உற்றுப் பாருங்கள், சில நேராக ஓடும். அது ஊசி போன தடம். 1925-லேயே பிரான்ஸ் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது.

* * *

அண்ணா, காமெம்பெர் பற்றி எழுதியது ரொம்பப் பிடித்தது. ஆனால் என் கதை வேறு. நான் சைவம். சீஸ் பால்தானே என்று பல வருடம் யோசிக்காமல் சாப்பிட்டுவிட்டு, ஒருநாள்தான் ரென்னெட் என்றால் என்ன என்று தெரிந்தது. பால் குடிக்கும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி அது. பாலைத் திரைய வைக்க அதைச் சேர்க்கிறார்கள். அன்று மனசு கஷ்டப்பட்டது உண்மை. மொத்தமாக நிறுத்திவிட்டேன்.

பிறகு நிதானமாகத் தேடிப் படித்தேன். கன்றின் ரென்னெட் சேர்க்காத சீஸும் நிறைய உண்டு. நுண்ணுயிர்களை வளர்த்து அதே நொதியை எடுக்கும் முறைக்கு 1990-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இன்று ஏராளமான சீஸ் அப்படித்தான் வருகிறது. சில பழைய வகைகளில் விதியே கன்றின் ரென்னெட் என்று இருக்கிறது, உதாரணமாக இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. அதை நான் வாங்குவதில்லை. உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தே எடுக்கிறேன்.

இந்தத் தேடலில்தான் எனக்கு மிகப் பிடித்த சீஸ் கிடைத்தது. போர்ச்சுகலின் செர்ரா தா எஸ்த்ரேலா. செம்மறிப் பாலை ஒரு முட்செடியின் பூவால் திரைய வைக்கிறார்கள். ஆம், பூவால்! கார்தூன் என்ற செடி, ஊதா நிறப் பூ. காய்ந்த பூவை நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைப் பாலில் சேர்க்கிறார்கள். பழுத்ததும் உள்ளே கூழ் போல ஆகிவிடும், வட்டமும் பரந்து தளர்ந்து உட்கார்ந்துவிடும். அதனால் மேல்தோலை மூடி போல வெட்டித் திறந்து, கரண்டியால் அள்ளி ரொட்டியில் போட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு மெல்லிய கசப்பு கடைசியில் நிற்கும், அது அந்தப் பூவின் வேலை. முதல் கரண்டியை வாயில் வைத்தபோது, நிறுத்திவிட்டேன் என்று நினைத்த ஒன்று திரும்பி வந்த சந்தோஷம் எனக்கு.

சைவமாக இருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

* * *

ஹலூமி. தட்டையாக வெட்டி, எண்ணெய் விடாமல் சூடான கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் பொன்னிறம் வந்ததும் உடனே தின்றுவிட வேண்டும். ஆறினால் ரப்பர். பல்லில் கீச்சென்று சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே எனக்கு அது வேண்டும். சைப்ரஸில் கோடையில் தர்பூசணியோடு சாப்பிடுவார்கள், நானும் செய்து பார்த்தேன். சூடும் குளிர்ச்சியும் உப்பும் இனிப்பும் ஒரே வாயில்!

* * *

அக்கா சொன்ன ரென்னெட் விஷயம் எனக்குப் புதுசு, நன்றி.

எனக்குப் பால் ஒத்துக்காது. அரை டம்ளர் குடித்தாலே வயிறு உப்பிவிடும். அதனால் சீஸும் ஆகாது என்று நானே முடிவு பண்ணி வைத்திருந்தேன். ஒரு மருத்துவரிடம் பேசும்போதுதான் தெரிந்தது, தொந்தரவு தருவது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, அதில் பெரும்பகுதி சீஸ் செய்யும்போது வடியும் நீரோடு போய்விடும், மிச்சத்தை பாக்டீரியா தின்றுவிடும். மாதக்கணக்கில் பழுத்த கெட்டிச் சீஸில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. பயந்து பயந்து விரல்நகம் அளவு பழைய கௌடா எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கொஞ்சம் பெரிய துண்டு. இப்போது தினமும் மாலை ஒரு துண்டு. கருகவிடாமல் காய்ச்சிய சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்த சுவை, நடுவில் நறநறவென்று சின்னச் சின்னப் படிகங்கள். (பாலின் புரதமே ஒத்துக்காதவர்களுக்கு இது பொருந்தாது, அது வேறு பிரச்சினை. அவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

* * *

அந்த நறநறப்பை நிறையப் பேர் உப்பு என்று நினைக்கிறார்கள். அது தைரோசின், புரதம் சிதையச் சிதைய உருவாகும் ஓர் அமினோ அமிலத்தின் படிகம். நாள்பட்ட சீஸ் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நான் பார்மிஜானோ ஆள். ஒரு முழு வட்டு ஏறக்குறைய 40 கிலோ இருக்கும், குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். நான் வாங்குவது 24 மாதம் ஆனது. தயவுசெய்து அதைத் துருவி மட்டும் வீணாக்காதீர்கள். குட்டையான கத்தியின் முனையைக் குத்தித் திருகினால் அதுவே தன் போக்கில் உடையும். அந்தக் கரடுமுரடான துண்டைக் கையால் எடுத்து, முடிந்தால் இத்தாலியின் மொதேனா ஊரின் பழைய பால்சாமிக் வினிகர் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிடுங்கள்.

தோலைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் மெழுகு கிடையாது, காய்ந்து இறுகிய சீஸ்தான். சுரண்டிக் கழுவி, சூப் கொதிக்கும்போது ஒரு துண்டு போட்டால் போதும். மணிக்கணக்கில் வேகவைத்தது போன்ற ஆழமான ருசி அரை மணியில் வந்துவிடும். என் ஃப்ரீசரில் தோலுக்கென்றே ஒரு டப்பா இருக்கிறது.

* * *

ஃபாண்டூ (சீஸைப் பானையில் உருக்கி, ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது) செய்து ஒருமுறை அழுதிருக்கிறேன். வீட்டுக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பானையில் கிரூயேர் சீஸ் முழுவதும் அடியில் உருண்டு பந்தாகி, மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. அடுப்பை அதிகமாக வைத்துவிட்டேன், சீஸை ஒரே கொத்தாகக் கொட்டிவிட்டேன். இரண்டும் தவறு.

அடுத்த முறை துருவிய சீஸில் முதலிலேயே சோளமாவைப் பிசிறிவைத்தேன். சின்னத் தீயில் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தேன். வழக்கமாக ஒயின் ஊற்றுவார்கள், அதன் புளிப்புதான் புரதம் கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. நாங்கள் குடிப்பதில்லை, எலுமிச்சைச் சாறும் காய்கறி வேகவைத்த நீரும் ஊற்றினேன். பட்டுத்துணி போல வந்தது. பாதி கிரூயேர், பாதி வாஷெரின் என்ற இன்னொரு சீஸ் சேர்ப்பது சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபூர்க் பக்கத்து வழக்கம், அதையும் செய்து பார்த்தேன், இன்னும் மென்மை. எல்லாம் தீர்ந்த பிறகு பானையின் அடியில் மொறுமொறுவென்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே நான் மறுபடி மறுபடி செய்கிறேன்.

* * *

நார்வேயில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே புரூனோஸ்ட் என்று பழுப்பு நிறத்தில் ஒன்று. உண்மையில் சீஸ் வடித்த பிறகு மிஞ்சும் நீரை, பாலோ கிரீமோ சேர்த்து, மணிக்கணக்கில் காய்ச்சிச் சுண்டவைப்பது. பால் சர்க்கரை சிவந்து கேரமல் ஆகிவிடும். முதல் நாள் நான் விரல் தடிமனுக்கு வெட்டிக் கடித்தேன், திகட்டிவிட்டது. வீட்டுக்காரப் பாட்டி என் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, நடுவில் பிளவு உள்ள தட்டைக் கரண்டி போன்ற ஒன்றைக் கொடுத்தார். இழுத்தால் காகிதம் போல ஓர் ஏடு வரும். தூர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர் இழைப்புளியைப் பார்த்து அதை உருவாக்கி 1925-ல் காப்புரிமை வாங்கினார். சூடான வாஃபிள்மேல் அந்த ஏடு வளைந்து இளகும்போது, பக்கத்தில் ஒரு கரண்டி பழ ஜாம். அதே சீஸ்தான், தடிமன் மட்டும்தான் மாறியது.

* * *

இவ்வளவு பெரிய பெயர்களுக்கு நடுவே நான் சொல்லப்போவது பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சதுரச் சீஸ். கைக்குழந்தையோடு இருந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்குப் பசிக்கும். ரொட்டிக்கு நடுவே ஒன்றை வைத்து, வெண்ணெய் தடவி, மூடி போட்டுச் சுட்டு, நின்றபடியே தின்பேன். அந்தப் பசிக்கு அதைவிட ருசியான ஒன்று இருந்ததில்லை. உருகும் சுபாவமும் தற்செயல் இல்லை. 1911-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் சீஸைச் சிட்ரேட் உப்போடு சேர்த்துச் சூடாக்கி, எண்ணெய் பிரியாமல் உருக வைக்கக் கண்டுபிடித்தார்கள். அதே சோடியம் சிட்ரேட்டை ஒரு சிட்டிகை போட்டால் நல்ல செடாரும் பிரியாமல் உருகும், முயன்று பாருங்கள்.

* * *

என் மகள் எமென்டால் என்ற சுவிஸ் சீஸின் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "எலி தின்னுச்சாப்பா?" என்று கேட்டாள். உள்ளே இருக்கும் பாக்டீரியா விடும் வாயு என்று சொன்னேன். 2015-ல் சுவிஸ் ஆய்வாளர்கள், பாலில் விழும் வைக்கோல் துகள்களைச் சுற்றித்தான் அந்த வாயு திரண்டு ஓட்டையாகிறது என்று கண்டார்கள். பால் கறக்கும் முறை சுத்தமாக ஆக, ஓட்டையும் குறைந்துவிட்டதாம். இப்போது அவள் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் வைக்கோல் தேடிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். இனி மிச்சச் சீஸை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றாமல் மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள் என்று மட்டும் நானும் சேர்த்துக்கொள்கிறேன், அதற்கு மூச்சு வேண்டும்.

இன்று முதன்முறையாக ரோக்ஃபோர் வாங்கி வந்திருக்கிறேன். பேரிக்காயும் தேனும் தயார். எடுத்து வெளியே வைத்து நாற்பது நிமிடம் ஆகிறது. இன்னும் இருபது.