கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்): ஃபிரிட்ஜை நம்ப முடியாத ஊரில் தடுப்பு மருந்து போடுவது எப்படி?

பெகு நாட்டுக்கோழி:
மியான்மாரில் பெகு பக்கத்துக் கிராமம். மேய்ச்சலில் பெரிய கோழி நாற்பது, குஞ்சு இருபது. அடுத்த தெருவில் பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிச் சாகுது. கரண்ட் நிலையில்லை. ஐ-2 என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, 100 டோஸ் குப்பி கிடைக்கும் போலிருக்கு. தண்ணியில் கலந்து வைத்தால் போதுமா? சோர்ந்து நிற்கும் ரெண்டுக்கும் போடலாமா?

மோல்மேன் கால்நடை:
சோர்ந்ததுக்கு வேண்டாம். நோய் உள்ளே போன பிறகு மருந்து காப்பாத்தாது. செத்தால் "மருந்து போட்டுத்தான் செத்துச்சு" என்று ஊரே சொல்லும். அதைத் தனியாகக் கட்டிவிட்டு, நல்லா இருக்கிறதுக்கு முதலில் போடுங்க. எதிர்ப்பு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், இடையில் சில போகலாம்.

தண்ணியை விடக் கண்ணில் சொட்டு விடுவதே மேல். தண்ணியில் ஒன்று நிறையக் குடிக்கும், ஒன்று குடிக்கவே குடிக்காது. தண்ணியில்தான் கொடுக்கணும் என்றால் ரெண்டு மூணு வாரத்தில் திரும்பக் கொடுக்கணும்.

ஐ-2 சூடு தாங்கும் மருந்து, ஆஸ்திரேலிய உதவியில் உருவானது. தாங்கும் என்பதற்காக வெயிலில் வைக்கக் கூடாது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்து எடுத்துப்போங்க.

தாட்டோன்காரர்:
அண்ணன் சொன்னது சரி. அளவில்தான் பலர் கோட்டை விடுவாங்க. முதலில் வெறும் தண்ணியில் உங்க சொட்டுக்குழாயைச் சோதியுங்க: 1 மில்லிக்கு 30 சொட்டு விழுந்தால், 100 டோஸ் மருந்தைக் கலக்க 3.3 மில்லி தண்ணி போதும். குழாயைச் செங்குத்தாகப் பிடிக்கணும், சாய்த்தால் சொட்டு அளவே மாறும். கொதித்து ஆறிய தண்ணி மட்டும்; குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தால் மருந்து செத்துப்போகும்.

குஞ்சுக்கும் சேவலுக்கும் ஒரே ஒரு சொட்டு, ஒரு கண்ணில். கோழியைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்து, சொட்டு கண்ணில் பரவிய பிறகு விடுங்க. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் சொட்டு வழிஞ்சிடும், கோழிக்கும் வேதனை. நாலு மாசத்துக்கு ஒருமுறை மறுபடி.

மோல்மேன் கால்நடை:
ஒன்று விட்டுப்போச்சு. கொண்டை நீலமாகி, முகம் வீங்கி, திடீரென்று கூட்டமாகச் செத்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். 2006-லேயே மண்டலே, சகாயிங் பக்கம் வந்தது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கையுறை போடாமல் தொடாதீங்க, அறுத்துச் சமைக்காதீங்க, டவுன்ஷிப் கால்நடை ஆபீஸுக்குச் சொல்லுங்க. செத்ததை ஆழமாகப் புதைக்கணும், வாய்க்காலில் எறியக் கூடாது.

பெகு நாட்டுக்கோழி:
சந்தையில் புதுசா வாங்கினது ரெண்டு இருக்கு, அதையும் சேர்த்துப் போட்டுடவா?

தாட்டோன்காரர்:
போடுங்க, ஆனால் ரெண்டு வாரம் தனிக்கூண்டு. அதுக்குத் தீனி வைப்பது கடைசியாக.