நினா சிமோனின் முதல் இசைத்தட்டு: பாடகியுடையதா, பியானோக்காரியுடையதா?

சுரபேதம்:
1959இல் பெத்லகேம் நிறுவனம் வெளியிட்ட 'லிட்டில் கேர்ள் ப்ளூ' தொகுப்பை, ஜாஸ்-ப்ளூஸ் பாடகி ஒருவரின் அறிமுகம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பதினொரு உருப்படிகளில் மூன்றில் அவர் வாயே திறக்கவில்லை. வட கரோலினாவின் டிரையன் ஊரில் யூனிஸ் வேமனாகப் பிறந்து, ஐரோப்பியச் செவ்வியல் மேதை பாக்கின் இசையை வாசித்து வளர்ந்தவர் அவர். 1951இல் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக்கல்லூரி இடம் தர மறுத்தது. தன் நிறமே காரணம் என்று கடைசிவரை நம்பினார். 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் மதுக்கூடம் ஒன்றில் பியானோ வாசிக்கப் போனால், பாடினால்தான் வேலை என்றார் முதலாளி. அப்படித்தான் பாடகியானார். இது பியானோக்காரி ஒருவரின் தட்டு. குரல் அவர் கொடுத்த வாடகை.

பழையதட்டு:
வயிற்றுப்பாட்டுக்காக வாசிக்காத ஜாஸ் கலைஞர்களை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? தட்டு தொடங்குவதே ஜாஸ் மேதை எலிங்டனின் 'மூட் இண்டிகோ'வில். பேஸ் ஜிம்மி பாண்ட், டிரம்ஸ் ஆல்பர்ட் ஹீத், இருவரும் ஜாஸ்காரர்கள். நீங்கள் கணக்குக் காட்டும் அந்த மூன்றில் ஒன்றின் பெயர் 'சென்ட்ரல் பார்க் ப்ளூஸ்'. ஐயா, பெயரையாவது படித்துவிட்டு வாருங்கள்.

சுரபேதம்:
பெயரைப் படித்தேன், இசையையும் கேட்டேன். 'லவ் மீ ஆர் லீவ் மீ'யில் முதல் சுற்றுப் பாடி முடித்ததும் என்ன நடக்கிறது? வலக்கை ஒரு வரியைத் தொடங்குகிறது, இடக்கை அதைத் துரத்துகிறது, இரண்டும் பின்னிக்கொண்டு ஏறுகின்றன. அசல் பாக். தலைப்புப் பாடலின் முகப்பில் வருவது 'குட் கிங் வென்செஸ்லாஸ்' என்ற கிறிஸ்துமஸ் கீதம். அதன்மேல் ஒரு சோகப் பாட்டை நிறுத்தி வைக்கிறார். மதுக்கூடப் பாடகியின் வேலையா இது?

பழையதட்டு:
அந்த இடத்தில் நீங்கள் பியானோவை மட்டும் கேட்கிறீர்கள். கீழே பேஸ் நடந்துகொண்டே இருக்கிறது, டிரம்ஸ் ஊஞ்சலாட்டுகிறது. பாக்கை அந்த நடைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான் ஜாஸ். 'பிளெய்ன் கோல்ட் ரிங்' கேளுங்கள். பியானோ ஏறக்குறைய ஒதுங்கி நிற்கிறது. தாழ்ந்த குரல் ஒன்றுதான் பாட்டைத் தூக்கிச் செல்கிறது. வாடகையா அது?

கீழ்வானம்:
இருவரும் பெயர்ப்பலகைக்குச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு உறுத்துவது காசு. இந்தத் தட்டின் உரிமையை மூவாயிரம் டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இதிலுள்ள 'ஐ லவ்ஸ் யூ போர்கி' 1959இலேயே அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் 18ஆம் இடம் வரை போனது. 1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தில் இதே தட்டின் 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ' ஒலித்ததும், பிரிட்டனில் ஐந்தாம் இடம். முப்பது ஆண்டுக்கு முன் பதிவான பாட்டு!

பழையதட்டு:
அக்கா, பேர் தெரியாத ஒரு புதுமுகத்துக்கு 1957இல் மூவாயிரம் டாலர் சின்னத் தொகை இல்லை. தட்டு விற்காமல் கிடந்திருந்தால் நட்டம் நிறுவனத்துக்குத்தானே?

கீழ்வானம்:
நட்டம் வந்தால் ஒரு தட்டோடு போகும். லாபம் வந்தால் ஆயுள் முழுக்க. இதைத் தராசு என்று சொல்லாதீர்கள் தம்பி. 'சாத்தானின் இசை' வாசிப்பது மதபோதகரான அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பெயரையே மாற்றிக்கொண்டு பிழைத்தவர் அவர். வழக்கறிஞரை வைத்தா கையெழுத்துப் போட்டிருப்பார்?

சுரபேதம்:
கீழ்வானம் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கச்சேரி மேடைக்கான படிப்பைத் தொடரப் பணம் சேர்க்கத்தான் மதுக்கூடத்துக்கே போனார். தன்னை ஜாஸ் பாடகி என்று அழைப்பதை அவர் விரும்பியதில்லை. தன் இசையைக் கறுப்பினத்தவரின் செவ்வியல் இசை என்றார். அவர் பேச்சைவிட ரெக்கார்டுக் கடையின் அடுக்கு பெரிதா?

பழையதட்டு:
கறுப்பினத்தவரின் செவ்வியல் இசை என்று அவர் எதைச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? ஜாஸுக்கு வெள்ளையர் வைத்த பெயர் பிடிக்காமல்தான் வேறு பெயர் சொன்னார். பொருள் அதேதான்.

சுரபேதம்:
அப்படியானால் கர்டிஸ் கதையை என்ன செய்வீர்கள்? 2003 ஏப்ரலில், அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அதே கல்லூரி கௌரவப் பட்டம் கொடுத்தது. ஐம்பத்திரண்டு ஆண்டு தாமதம். ஜாஸ் பாடகி என்ற பட்டத்தோடு திருப்தியாக இருந்தவருக்கு அந்தக் காயம் ஏன் ஆறவில்லை?

பழையதட்டு:
காயத்தை நான் மறுக்கவில்லை. 'லவ் மீ ஆர் லீவ் மீ'யை இப்போது மறுபடி போட்டுக் கேட்டேன். இடக்கை துரத்துகிறது என்றீர்களே, அது சரி, இதுவரை நான் கவனித்ததில்லை. தட்டை மட்டும் ஜாஸ் அடுக்கிலிருந்து எடுக்க மாட்டேன்.

கீழ்வானம்:
எந்த அடுக்கில் வைத்தாலும், அது எந்தப் பதிப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள். முதல் அச்சா?

பழையதட்டு:
மறுபதிப்புதான் அக்கா. முதல் அச்சு வாங்கும் வசதி இருந்தால் இந்நேரம் இங்கே உட்கார்ந்து சண்டை போடுவேனா?