ஆகஸ்ட் 9 பிறந்தநாளும் அம்மாவிடம் சொன்ன பொய்யும்

வேதாரண்யத்தான்:
எனக்குப் பிறந்தநாள் ஆகஸ்ட் 9. சிங்கப்பூரில் அன்றைக்குத் தேசிய தினம், லீவு கேட்க வேண்டியதே இல்லை. முதல் வருடம் எஸ்பிளனேட் பாலத்துக் கூட்டத்தில் நிற்கிறேன், அம்மாவின் போன். இங்கே ஏழு மணி வாக்கில், ஊரில் நாலரை. "நல்லா இரு சாமி" என்று ஆரம்பிக்கிறார், பீரங்கி முழங்குகிறது. "என்னடா வெடிச்சத்தம்?" என் வாய் சும்மா இருந்ததா? "உன் புள்ள பொறந்தநாளுக்கு 21 குண்டு போடுறாங்கம்மா." விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் போனை வைக்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். பதினேழில் லைன் கட்.

அடுத்த வருடம் ஜூரோங்கில் ஷிஃப்ட். அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இந்த வருசம் சத்தமே காணோமே சாமி, வேலையில ஏதும் பிரச்சினையா?"

கிள்ளான்வாசி:
தம்பி, சிங்கப்பூர் 1965-இல் எங்கள் மலேசியாவை விட்டுப் பிரிந்துபோனது. அதற்கு இத்தனை குண்டா! மெர்டேக்கா, அதாவது விடுதலை என்றால் 1957 ஆகஸ்ட் 31. எங்கள் முதல் பிரதமர் துங்கு ஏழு முறை முழங்கினாரே, அது.

எங்கள் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த ராமநாதபுரத்துப் பையனுக்கு 31-இல் பிறந்தநாள். நள்ளிரவில் கேக் வைத்தோம். மெழுகுவத்தி இல்லை, யாரோ காகித ஜாலூர் கெமிலாங்கை, எங்கள் தேசியக் கொடியை, குத்திவிட்டார். ஊதச் சொன்னால், "கொடிய எப்படிண்ணே ஊதுறது?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தோம். அவன் கிளாஸ் கழுவப் போய்விட்டான்.

எடிசன் அம்மா:
என் மகன் பிறந்தது ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஊரே தனக்காக வெடிக்கிறது என்று ஆறு வயது வரை நம்பினான். பக்கத்து வீட்டுப் பெண் உண்மையைச் சொன்ன ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தான்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: கேக்கை 3-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள், 4-இல் பல கடைகள் சீக்கிரம் சாத்திவிடும். வாணவேடிக்கை இருட்டிய பிறகு, ஒன்பது மணிக்கு மேல்தான். பிள்ளைகளை மதியமே தூங்க வையுங்கள். கைக்குழந்தைக்குக் காதுமூடி. கொசு மருந்தை மறக்காதீர்கள். 4 சனிக்கிழமை விழுந்தால் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி லீவு, ஞாயிறு என்றால் திங்கள். விருந்தை அதைப் பார்த்து வையுங்கள். ஆட்களை மே மாதமே கூப்பிட்டுவிடுங்கள், ஜூலையில் பாதிப்பேர் இந்தியா போயிருப்பார்கள்.

வேதாரண்யத்தான்:
அக்கா, கொசு மருந்தெல்லாம் சரி. அண்ணே, பிரிந்ததோ விடுதலையோ, குண்டு 21தான். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? வருகிற 9-ஆம் தேதியும் நாலரைக்குக் கூப்பிடுவார்.